கணிப்பொறிக்குச் சான்று பகர்ந்தவர்

'கொம்பியூட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று ஓர் இயந்திரத்தையே குறிக்கின்றது. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அது மனிதர் வகித்த பதவியின் பெயர். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள லாங்லி வானூர்தி ஆய்வுகூடத்திலே, பொறியியலாளர் வகுத்த சமன்பாடுகளில் எண்களைப் பிரதியிட்டு நாள் முழுவதும் விடை கண்டுகொண்டிருந்த பெண்கள் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர்.

1943 முதல் அங்கு கறுப்பினப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். போர்க்கால ஆட்பற்றாக்குறையும், பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1941ஆம் ஆண்டுச் சனாதிபதி ஆணையும் அதற்கு வழிசமைத்தன. கதவு திறந்ததேயன்றிச் சமத்துவம் வந்துவிடவில்லை. அவர்களுக்குத் தனி அலுவலகம், உணவுச்சாலையில் தனி மேசை, தனிக் கழிவறை. ஒரே சமன்பாட்டைத் தீர்ப்போர் ஒரே மேசையில் உண்ணலாகாது என்ற விதி ஒரு விஞ்ஞானக் கூடத்தில் நிலவியதை என்னென்பது! 1958இல் நாசா நிறுவனம் தோன்றிய பின்னரே அத்தனிப் பிரிவு கலைக்கப்பட்டது.

1953இல் அப்பிரிவிற் சேர்ந்தவர் கத்தரின் ஜோன்சன். அவர் பிறந்த ஊர்ப்புறத்திற் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பாடசாலை இல்லாமையால், பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காக நெடுந்தூரத்திலிருந்த வேறோர் ஊரில் வீடெடுக்க நேர்ந்தது. பதினெட்டு வயதிற் பட்டம் பெற்ற அவர் ஆசிரியராகப் பணிபுரிந்த பின்னரே லாங்லிக்கு வந்தார்.

1961 மே 5ஆம் திகதி அலன் ஷெப்பேர்ட் மேற்கொண்ட பதினைந்து நிமிடப் பயணத்தின் பாதை, மேலெறிந்த கல்லின் பாதையை ஒத்தது. பூமியைச் சுற்றிவரும் பயணமோ அத்துணை எளிதன்று. கலத்தின் கீழே பூமி சுழன்றுகொண்டிருப்பதையும், அது பூரண கோளமன்று என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். குறித்தவோர் இடத்திற்கு மேலாகக் கலம் செல்லவேண்டுமாயின், உந்துகணையின் எரிபொருள் எரிந்து முடியும் கணத்தில் அது எத்திசைக்கோணத்திற் செல்லவேண்டும்? பிரயோக கணித மாணவர் எவரையும் கவரக்கூடிய இவ்வினாவுக்கு விடை கூறும் அறிக்கையை ஜோன்சன் 1960இல் ரெட் ஸ்கொப்பின்ஸ்கி என்னும் பொறியியலாளருடன் இணைந்து வெளியிட்டார். அவர்களது பிரிவில் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி வந்த முதல் அறிக்கை அதுவே.

1962 பெப்ரவரியில் ஜோன் கிளென் பூமியைச் சுற்றவிருந்தபோது, பாதையைக் கணிக்கும் பொறுப்பு ஐ.பி.எம். மின்கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பொறிகள் இடைக்கிடை பழுதுற்று நின்றுவிடும் இயல்பின. விமானமோட்டியான கிளென், தாம் கையாற் செலுத்தமுடியாத ஒன்றை எளிதில் நம்புபவரல்லர். அந்தப் 'பெண்பிள்ளை' எண்களைச் சரிபார்க்கட்டும். அவர் சரியென்றால் தாம் புறப்படத் தயார் என்றார். அப்'பெண்பிள்ளை'க்கு அப்போது வயது 43. மூன்று பெண்மக்களின் தாய். கிளெனிலும் ஏறக்குறைய மூன்று வயது மூத்தவர். பெயர் சொல்லி அழைக்கவேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை போலும்.

மின்கணிப்பொறிக்கு இடப்பட்ட அதே சமன்பாடுகளை மேசைமேலிருந்த பொறிமுறைக் கணிப்பான் கொண்டு, ஏவுதல் முதல் கடலில் இறங்குதல் வரை, எட்டு இலக்கத் திருத்தத்துடன் ஜோன்சன் தீர்த்தார். ஒன்றரை நாள் கழிந்தது. இரு விடைகளும் ஒத்திருந்தன. 20ஆம் திகதி கிளென் பூமியை மும்முறை சுற்றி, ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் மீண்டார்.

எனினும் கலம் குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 40 மைல் முன்னதாகவே அத்திலாந்திக்கில் வீழ்ந்தது. பயணத்தின்போது பொருள்கள் செலவாகிக் கலத்தின் திணிவு குறைந்தமை, வேகந்தணிக்கும் உந்துகணைகளுக்கான கணிப்பிற் சேர்க்கப்படவில்லை. கையும் பொறியும் ஒத்துரைப்பதால் சமன்பாட்டில் இடம்பெறாதது வெளிப்பட்டுவிடாது.

பின்னர் கையாற் கணிப்போரின் பதவியை மின்கணிப்பொறி கொண்டது; பெயரையும் கொண்டது. அம்மாற்றத்தை முன்னுணர்ந்த டொறதி வோன், முன்பு அத்தனிப் பிரிவின் தலைவியாயிருந்தவர், போட்ரான் மொழியைத் தாமும் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தார். ஜோன்சன் 1986இல் ஓய்வு பெற்றார். கிளெனின் பெயரை உலகம் அன்றே அறிந்தது. ஜோன்சனுக்கு நாட்டின் மிகவுயர்ந்த குடிசார் விருது 2015 நவம்பரில் வெள்ளை மாளிகையில் அணிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 97.