கீழக்கரையில் ஒரு பகலுணவு

செம்பட்டியில் நாம் அறிந்த விருந்து சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும்தான். கடல்மீன் நம் ஊருக்கு ஐஸ் பெட்டியில் வருவது. ஆகவே நண்பர் இல்லத் திருமணத்திற்காகக் கீழக்கரை சென்று, மறுநாள் பகலில் கரையோரத்துச் சிற்றுணவகம் ஒன்றில் மகனுடன் அமர்ந்தபோது, இலையில் வந்தவை பெரும்பாலும் நமக்குப் புதியவையாக இருந்தன.

தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணம். அதனுடன் மாசிச் சம்பல். சூரைமீனை அவித்து, புகையிட்டு, கட்டையாகக் காயவைத்தால் மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா எழுதிவைத்த அதே பண்டம். பின்னர் தொதல் வந்தது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை நெடுநேரம் கிண்டி எடுப்பது. மலாய் மக்களும் ஏறத்தாழ இதே பெயரால் அழைக்கின்றனர். தென்னையும் பனையும் இம்மண்ணுக்குரியவை. பெயரோ மரக்காயர்களின் கப்பல் வழியை இன்றும் சொல்கிறது.

அப்போது கணவாய் வறுவல் வந்தது. தட்டைச் சற்றே ஒதுக்கினோம்.

“ஹஜ்ரத் ஹனஃபியா? நாங்க ஷாஃபி. இருங்க, மீன் பொரிச்சுத் தர்றேன்” என்று கடைக்காரர் சிரித்தபடி எடுத்துச் சென்றார்.

மகன் மெல்லக் கேட்டான்: “அத்தா, அவருக்கு ஹலால், நமக்கு மட்டும் எப்படி ஆகாது?”

நமக்கு உடனே வாய் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மத்ரஸாவில், கடலில் மீன் தவிர மற்றவை ஹராம் என்று ஒரே வரியில் பாடத்தை முடித்திருந்தோம். அதைக் கேட்ட மாணவன் ஒருவன், கடலோரத்தில் வாழ்க்கைப்பட்ட தன் பெரியம்மா வீட்டில் கணவாயைப் பார்த்து “இது ஹராம் சோறு” என்று எழுந்துவிட்டான். “எங்க அக்கா புள்ளைக்கு ஹராமையா ஆக்கிப் போட்டா, ஹஜ்ரத்?” என்று அவன் தாயார் வந்து கேட்டபோது, சட்டநூலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்று விட்டதை மகனிடம் சொன்னோம். கடல் வேட்டையை ஆகுமாக்கும் அல்மாயிதா 96ஆம் வசனத்தை ஷாஃபிஈ மத்ஹப் விரிவாகக் கொள்கிறது. ஹனஃபி மத்ஹப் மீனோடு நிறுத்துகிறது. இரண்டும் ஆதாரத்தின் மேல் நிற்பவை.

“அப்போ அவர் தப்புப் பண்ணலை?”

“இல்லை.”

ஊர் திரும்பியதும் அப்பாடத்தை மீண்டும் நடத்தினோம். பிறகு அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்று, அன்று அரைகுறையாகச் சொன்னது நம் பிழை என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் கைபேசியில் எண்ணை அழுத்தி நம்மிடம் நீட்டினார்.

“அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க, ஹஜ்ரத்.”