பழைய ஹைபிரிட் கார் வாங்குமுன்



இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் புதிய கார்களை உருவாக்கி அனுப்புகிற கைகள் நம்முடையவை. ஆயினும் நம்மில் பலருக்கு முதல் கார் பழைய காராகவே வாய்க்கிறது. போனஸும் சேமிப்பும் நகைக்கடனும் சேர்ந்துதான் அது வீட்டு வாசலுக்கு வருகிறது. பெட்ரோல் செலவை எண்ணி இப்போது சிலர் பழைய ஹைபிரிட் காரை நாடுகிறீர்கள். கோபுரம் கட்டுகிறவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது அவிசுவாசமல்ல, அது உக்கிராணத்துவம்.

முதலாவது, அது எவ்வகை ஹைபிரிட் என்று கேளுங்கள். 2015-ல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா டீசல் கார்களில் 'எஸ்.எச்.வி.எஸ்.' என்ற எழுத்துகள் இருக்கும். அவற்றின் சிறிய மோட்டார் எஞ்சினுக்குத் துணை செய்யுமேயன்றி, தனியாகக் காரை ஓட்டாது. 2013 முதல் பிடதியில் பொருத்தப்பட்ட டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஆகியவை முழு ஹைபிரிட். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றிலோ இரண்டு வகையும் உண்டு. ஆகையால் பெயரை நம்பி விலை பேசாதிருங்கள்.

இரண்டாவது, கண்ணுக்கு மறைவான பேட்டரியைச் சோதியுங்கள். முழு ஹைபிரிட் காரின் உயிர்நாடி அதுவே. ஓடிய கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் வெப்பமும் அதைத் தேய்க்கின்றன. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின் இருக்கையை ஒட்டி இருக்கும். லாரிகள் ஓயாத நம் சாலைகளின் புழுதி அதை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் ஸ்கேனர் கருவி பொருத்தி, பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் எச்சரிக்கையாயிருங்கள். ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாதிருங்கள். கேம்ரி போன்ற கார்களில் அவற்றில் 200 வோல்ட்டுக்கும் மேல் உண்டு.

மூன்றாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி அளவு சில நிமிடங்களிலேயே நிறைந்து உடனே சரிகிறதென்றால் அது தளர்ந்துவிட்டது. மாற்றும் செலவை எழுத்தில் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். ஹைரைடரின் ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. அதில் எவ்வளவு மீதம் என்றும் விசாரியுங்கள்.

நான்காவது, வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திறக்கப்பட்டு அடையாறு பெருகியதையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. அந்த நீரில் நின்ற கார்கள் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல் உண்டா, இருக்கையின் போல்ட்டுகளில் துரு உண்டா என்று நோக்குங்கள். இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள்.

ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதையும் காணுங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். 2013-ல் பதிவான கார் 2028-ல் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இவையெல்லாவற்றிற்கும் முன்பாக உங்கள் தேவையை ஆராயுங்கள். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவருக்குக் கார் ஞாயிறன்று மட்டுமே ஓடும். ஹைபிரிட்டின் சிக்கனமோ, நின்று நின்று நகரும் நெரிசலில் தினந்தோறும் ஓடுகிறவருக்கே மிகுதியாய்க் கிடைக்கும். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரில் பேட்டரியும் சார்ஜ் இழக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு சாதாரண பெட்ரோல் காரே நலம்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரிந்த எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது, இன்னொரு தொழிலாளியின் வருஷங்களை எடுத்துக்கொள்வதாகும். குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வாங்குகிறவர்களே, சோதித்துப் பார்க்க விடாதவரிடம் முன்பணம் கொடாதிருங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நிதானமுள்ள இருதயத்தையும் பாதுகாப்பான பயணங்களையும் அருளுவாராக. ஆமென்.