மல்லாக்க விழுந்த பிறகுதான் ஆட்டம்!

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில், ஷிஃப்ட் நேரத்தில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏறுவதும் இறங்குவதுமாக, 48 கிலோமீட்டர் போவதற்குள் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழுந்துவிடும். தோளில் டிபன் பை, கையில் செல்போன். பாதிப் பேர் பாட்டு கேட்பார்கள். மீதிப் பேரில் சிலர் சண்டை பார்ப்பார்கள். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர் கட்டிப் புரளும் எம்.எம்.ஏ. சண்டை.

அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்க்கும் நடுவயதுக்காரர் ஒருவர், "அவ்ளோதான், மல்லாக்க விழுந்துட்டான். ஆட்டம் முடிஞ்சுது" என்பார். போனை வைத்திருக்கும் உத்தரப்பிரதேசத்துப் பையன் சிரிப்பான். "இல்லண்ணா, இப்பத்தான் ஆரம்பம்!"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அந்த இரண்டு சரிகளுக்கு நடுவே ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

மண்ணின் சட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநிலத்து இளைஞர்கள் பலருக்கு குஸ்தி புதிதல்ல. அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் அதற்கென்றே 'அக்காடா' உண்டு. எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணில் பயிற்சி நடக்கும். நம் ஊரில் அதன் பெயர் கோதா. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் இங்கேயும் இருந்தவைதான். இன்றைக்கும் யாராவது தேர்தலில் நின்றால் 'கோதாவில் குதித்தார்' என்கிறோம். நெருக்கிக் கேள்வி கேட்டால் 'கிடுக்கிப்பிடி', பதில் சொல்லாமல் நழுவினால் 'பிடி கொடுக்கவில்லை'. குஸ்தி பார்க்காதவர் பேச்சிலும் குஸ்தி இருக்கிறது.

குஸ்தியின் சட்டம் ரொம்ப எளிது. முதுகு மண்ணைத் தொட்டால் தோல்வி. குப்புறக் கிடந்தால் இன்னும் தோற்கவில்லை. 1910-ல் லண்டனில் காமா பயில்வானிடம் சிக்கிய போலந்து வீரர் ஸ்பிஸ்கோ, இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் தப்பித்தார். சுமார் இரண்டரை மணி நேர ஆட்டத்தில் பெரும்பகுதி, முதுகைக் காட்டாமல் தரையோடு தரையாகவே ஒட்டிக்கிடந்தார். முடிவு, டிரா! குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதை. 1928-ல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்.

கையை முறித்த பூட்டு

காமா லண்டனில் புகழ்பெற்ற அதே காலத்தில், மயேடா என்ற ஜப்பான் ஜூடோ வீரர் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தார். 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர் வழியாக வித்தை கிரேசி குடும்பத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒல்லியான தம்பி ஹீலியோ. எதிராளியைத் தூக்கி எறிய அவர் உடம்பில் பலமில்லை. அதனால் கீழே கிடந்தபடியே ஜெயிக்கும் வழிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினார். மல்லாக்கப் படுத்து, கால்களால் எதிராளியின் இடுப்பை வளைத்து, மேலே இருப்பவனின் கழுத்தையோ கையையோ பூட்டுவது. அதுதான் பிரேசில் ஜியு-ஜிட்சு. குஸ்தியில் தோல்வி என்ற நிலை, இங்கே தாக்குதலின் தொடக்கம்.

1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில், தன்னைவிட மிகக் கனமான ஜப்பான் ஜூடோ வீரர் கிமுராவோடு ஹீலியோ மோதினார். கிமுரா அவர் கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். தங்களைத் தோற்கடித்த அந்தப் பூட்டுக்கு, தோற்கடித்தவர் பெயரையே வைத்தார்கள். 'கிமுரா'. உலகம் முழுக்க ஜியு-ஜிட்சு கூடங்களில் இன்றும் மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைக் கற்கிறார்கள்.

அதே பூட்டு நம் பக்கத்துக் குஸ்தியையும் ஒருமுறை பதம் பார்த்தது. 1976 டிசம்பரில் கராச்சியில், காமாவின் தம்பி மகன் அக்ரம் பயில்வான், ஜப்பானின் இனோக்கியோடு மோதினார். இனோக்கி போட்டதும் அந்தப் பிடிதான். அக்ரமும் விட்டுக்கொடுக்கவில்லை. கையில் பலத்த காயம், ஆட்டம் நின்றது. மண்ணில் எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும், பழகாத பூட்டுக்கு அவரிடம் சாவி இல்லை.

பழசா, புதுசா?

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வரில் முதல் யூ.எஃப்.சி. போட்டி. எடைப் பிரிவு கிடையாது. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, 80 கிலோ சுமாருக்கு மெலிந்த உடம்போடு வந்து, ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். எதிரில் நின்றவர்களில் சிலருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. தரையில் ஒரு வித்தை இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டார்கள். 2006-ல் கல்லூரி மல்யுத்தத்தில் வளர்ந்த மேட் ஹியூஸ், அதே ராய்ஸை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். போகிற போக்கில் அவர் கையையே பூட்டிக் காட்டினார். 2020-ல் தாகெஸ்தானின் கபீப், தோல்வியே காணாமல் 29-வது வெற்றியோடு ஓய்வு பெற்றார். அந்தக் கடைசி வெற்றி, கால்களால் கழுத்தை முக்கோணமாக இறுக்கும் பிடியில் வந்தது. கிரேசிகள் உலகுக்குக் காட்டிய பிடி!

அப்படியானால் இன்றைய வீரர்கள்தான் உசத்தியா? பிடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், ஆமாம். மல்யுத்தம், குத்து, பூட்டு மூன்றும் இன்று ஒரே உடம்பில் இருக்கின்றன. ஆனால் இன்றைய ஆட்டம் ஐந்து ஐந்து நிமிடமாக, அதிகபட்சம் ஐந்து சுற்று. 2000-ல் டோக்கியோவில் ராய்ஸும் சகுராபாவும் 90 நிமிடம் மோதினார்கள். காத்திருந்து, எதிராளியைக் களைக்கவைத்து, அவன் செய்யும் ஒரே ஒரு தப்பில் முடிக்கும் அந்தப் பொறுமைக்கு இன்றைய கடிகாரத்தில் இடமில்லை. பழைய ஆள் ஒரு வித்தையில் ஆழம் போனார். புதிய ஆள் நாலு வித்தையில் அகலமாக நிற்கிறார். அவர் நிற்கும் தரையைப் போட்டுக் கொடுத்தவர் பழைய ஆள்.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைத்தான் என்கிறது பாட்டு. இன்று கூண்டுக்குள் நடப்பதைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும்.

ஒன்று மட்டும் புதிது. தாங்க முடியாதபோது எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் போதும், பிடி உடனே தளரும். கை பிழைக்கும், நாளைக்கும் பயிற்சிக்கு வரலாம். ஹீலியோவும் அக்ரமும் தட்டவில்லை. அவர்கள் வலியிலிருந்து பின்னால் வந்தவர்கள் படித்த பாடம், தட்டுவது அவமானமில்லை என்பதுதான்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி சிப்காட் பக்கம் நடந்தால், பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் உருக்காலைகளுக்குள் போவதைப் பார்க்கலாம். உலையில் உருகி, உருளைகளுக்கு நடுவே ஓடி, அது புதுக் கம்பியாக வெளியே வரும். ரயிலில் வாதம் செய்த இரண்டு பேரும் அந்த லாரிகளைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார்கள். சாயங்கால ரயிலில் அந்தச் சண்டையின் மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்பார்கள்.