கண்டி வீதியின் கரையில்

ஒரு வீதியின் சிறப்பை அதில் விரைந்து செல்வோரின் மணிக்கூட்டைக் கொண்டு அளப்பதா, அதன் கரையில் வாழ்வோரின் உயிரைக் கொண்டு அளப்பதா? கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கு வடக்கே செல்லும் போதெல்லாம் இக்கேள்வி எம்மைத் தொடர்கின்றது.

321 கிலோமீற்றர் நீளமான இதனைக் கண்டி வீதி என்றே எம்மவர் வழங்குவர். போர்க்காலத்தில் நெடுநாள் மூடுண்டு கிடந்த இவ்வீதி 2002 இல் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடுண்டது. 2009 இல் போர் ஓய்ந்தபின், குண்டும் குழியுமாய்க் கிடந்த தரை படிப்படியாகக் காப்பற் வீதியாயிற்று. பிரிந்த உறவுகள் கூடின. விளைபொருள் சந்தை சேர்ந்தது. அதனை வரவேற்றோருள் நாமும் அடங்குவோம். ஆயினும் புதிய தார் வேகத்தைத் தந்த அளவிற்குப் பாதுகாப்பைத் தரவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வன்னியிற் கண்டி வீதி ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. 1930களில் நிலமற்ற குடும்பங்கள் வந்து குடியேறிய கிளிநொச்சியிலும், மாங்குளத்திலும் பரந்தனிலும் மக்களின் வாழ்வே வீதியோரத்தில் அமைந்தது. ஒரு கரையில் வீடு, மறுகரையில் வயல். இப்பக்கம் பள்ளிக்கூடம், அப்பக்கம் கடை. கொழும்புக்குப் போகின்றவனுக்கு இது நெடுஞ்சாலை. இங்கு வாழ்கின்றவனுக்கோ வீட்டு முற்றம்.

மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பேருந்து ஒரு விநாடியில் 20 மீற்றரைக் கடந்துவிடும். சாரதி ஆபத்தை உணர்ந்து காலை எடுத்துத் தடுப்பை மிதிக்கு முன்னரே அத்தூரம் போய்விடுகின்றது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எமது நாட்டில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் வீதிகளில் மடிகின்றனர்.

ஒவ்வொரு மரணத்தின் பின்னும் "கவனயீனம்" என்ற ஒரு சொல்லுடன் விசாரணை முடிந்துவிடுகின்றது. அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. காலபோக அறுவடையின்போது உழவன் நெல்லைத் தார்வீதியிற் பரப்புகின்றான். காய வைக்க அவனுக்கு வேறு களம் இல்லை. கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியிற் படுக்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. பின்விளக்கற்ற உழவு இயந்திரம் இருளில் ஊர்கின்றது. இரவுப் பேருந்தின் சாரதி கண்சொருகியும் விரைகின்றான்; அன்றைய வசூலிலே அவனது கூலி தங்கியிருக்கின்றது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சில நிமிடமே பலருக்கு வாய்க்கும் ஓய்வு. இவற்றையெல்லாம் கவனயீனம் என்பது வறுமைக்கு வேறு பெயர் சூட்டுவதேயாம்.

துவிச்சக்கரவண்டியிற் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த எம் மாணவனொருவன் ஒருநாள் வந்து சேரவில்லை. மறுவாரம் இடாப்பைக் கூப்பிடுகையில், பழக்கத்தால் அவன் பெயரையும் வாசித்துவிட்டோம். வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை. அவன் ஓரமாகவே வந்தான் என்று பின்னர் ஒரு பிள்ளை சொன்னாள். ஓரமென்று அவ்விடத்தில் இருந்தது ஒரு முழ அகலப் புழுதி.

தீர்வுகள் எவருக்கும் தெரியாதவை அல்ல. ஊர்மனைகளில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் தார்ப்பரப்பினின்று பிரிந்திருத்தல் வேண்டும். பள்ளிவாயில்களில் வேகத்தைத் தாமே குறைக்கச் செய்யும் மேடைக் கடவைகள் வேண்டும். நெல்லுக்குக் களமும், மந்தைக்கு மேய்ச்சல் தரையும், உழவு இயந்திரத்துக்கு ஒளிதெறி தகடும் வேண்டும். நெடுந்தூரப் பேருந்துக்கு இரு சாரதிகளும், அவர்களுக்கு வசூலிற் தங்காத மாதச் சம்பளமும் வேண்டும். 2014 இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டிய புகையிரதத்தில் மக்களும் பொருளும் கூடுதலாய்ச் செல்ல வழி செய்தால் வீதியின் பாரமும் குறையும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! அனுதாபப் பதாகை கட்டுவதோடு எமது கடன் தீர்ந்துவிடாது. பள்ளிவாயிலில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். கடக்கும் வாகனங்களை எண்ணுங்கள். நடக்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். அவர்களுக்கு எஞ்சியுள்ள ஓரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள். அக்கணக்கைப் பிரதேச சபைக்கும் வீதிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் ஊர்மக்களின் கையொப்பத்துடன் கொண்டு செல்லுங்கள். பதில் வரும்வரை மீண்டும் செல்லுங்கள். மனிதன் நடக்க இடமில்லாத வீதி எத்துணை வழவழப்பாயினும் அது அரைகுறை வீதியே.