மூவர் பார்த்த லெனின்கிராட்

அந்தக் காலத்தில் மாஸ்கோவிலிருந்து லெனின்கிராடுக்கு இரவு 11.55க்கு ஒரு ரயில் கிளம்பும். ‘சிவப்பு அம்பு’ என்று பெயர். அதில் போகக் காசில்லாத மாணவர்கள் அதற்கு முன்னும் பின்னும் புறப்படும் சாதாரண ரயில்களில் போவோம். எழுபதுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதத்து இரவில், வேளாண்மை படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேர் அப்படி ஏறினோம். ஒருவன் எத்தியோப்பியாவில் வோலோ பகுதிக்காரன். இன்னொருவன் ஹனோய்க்காரன். நான் வேதாரண்யம் பக்கம். எங்கள் மூவருக்கும் பொதுமொழி, படிக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்ட ரஷ்ய மொழிதான்.

ஊர் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு பகல். எர்மிதாஜ் அருங்காட்சியகம் ஒன்றுக்கே ஒரு நாள் போதாது என்று விடுதியில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேல் படுக்கையில் கிடந்த எத்தியோப்பிய நண்பன்தான் வழி சொன்னான்: “ஆளுக்கு ஓர் இடம் சொல்வோம். மற்ற இரண்டு பேரும் முணுமுணுக்காமல் கூட வரவேண்டும்.” எதையும் விட்டுவிடாமல் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று கால் பறக்கிற வயது அது. அந்த வயதில் அவனுக்கு அத்தனை நிதானம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

அவன் சொன்ன இடம் மோய்க்கா ஆற்றங்கரையில் 12ஆம் எண் வீடு. கவிஞர் புஷ்கின் கடைசியாகக் குடியிருந்த வீடு. 1837இல் துப்பாக்கிச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்து, இரண்டு நாள் துடித்து, தன் புத்தகங்களுக்கு நடுவே அங்கேதான் உயிரை விட்டார். அவர் இறந்த 2.45 மணியிலேயே கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புஷ்கினின் கொள்ளுத்தாத்தா ஹனிபால், ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டவர். மகா பீட்டர் மன்னர் அவரை ஞானப்பிள்ளையாக ஏற்று வளர்த்தார். பிற்காலத்தில் ஹனிபால் படைத்தளபதியாகவே உயர்ந்தார். அவர் எத்தியோப்பியர் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். இப்போது கேமரூன் பக்கம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நண்பனுக்கோ அவர் எத்தியோப்பியர் என்பதில் அன்று சந்தேகமே இல்லை. புஷ்கின் அவனுக்கு உறவுக்காரர். அறை மூலையில் நாற்காலி போட்டுக் காவலிருந்த மூதாட்டி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வா மகனே, உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாய்” என்றார். மாஸ்கோவின் தெருக்களில் தன்னை வெறித்துப் பார்க்கும் கண்களுக்குப் பழகிப்போயிருந்தவன் அவன். அன்று அவன் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து நேவ்ஸ்கி சாலைக்கு வந்தோம். 14ஆம் எண் கட்டடத்துச் சுவரில் நீலப் பின்னணியில் ஓர் அறிவிப்பு. பீரங்கி சுடும்போது தெருவின் இந்தப் பக்கம்தான் அதிக ஆபத்து என்று குடிமக்களை எச்சரிப்பது. முற்றுகைக் காலத்து எச்சரிக்கையை நினைவுக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை, 872 நாள், ஜெர்மன் படை அந்த நகரத்தை வளைத்துப் பட்டினி போட்டது. முதல் குளிர்காலத்தில், தொழிற்சாலை வேலை இல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. அதிலும் முழுக்க மாவு இல்லை. வயிற்றை நிரப்ப எதையெதையோ கலந்திருந்தார்கள். வோலோ நண்பன் அந்தக் கணக்கை இரண்டு முறை கேட்டான். அவன் ஊரில் 1973இல் பெரும் பஞ்சம் வந்து சில ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

நான் சொன்ன இடம் இசாக் பேராலயச் சதுக்கம். பேராலயத்துக்காக அல்ல. அதன் எதிரே இருக்கும் வவிலோவ் பயிரியல் நிறுவனத்தைப் பற்றி எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்லியிருந்தார். உலகத்தின் பயிர்களெல்லாம் எங்கெங்கே பிறந்தன என்று தேடி அலைந்து விதை சேர்த்தவர் வவிலோவ். 1927இல் எத்தியோப்பியாவுக்கும் போய்க் கோதுமை வகைகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். முற்றுகையின்போது அந்தக் கட்டடத்துக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருந்தன. கோதுமை, சோளம், பயறு, நிலக்கடலை, அரிசி, எல்லாமே தின்னக்கூடியவை. ஊழியர்கள் எலியையும் குளிரையும் விரட்டி அவற்றைக் காத்தார்கள். உருளைக்கிழங்கு உறைந்துவிடாமலிருக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்தார்கள். நிலக்கடலை நிபுணர் ஷூக்கின் தன் மேசையிலேயே செத்துக் கிடந்தார். அரிசி நிபுணர் இவானோவைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருந்தன. அவர் பட்டினியால் இறந்தார்.

நாங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து வந்த ஓர் அம்மாள், எந்த நாடு, என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்தார். நான் நெல் என்றேன். வேலை முடிந்து பையோடு கிளம்பியவர், பையைப் படியில் வைத்துவிட்டு எங்களோடு அரைமணி நேரம் நின்றார். அவர் முற்றுகைக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். பிழைத்திருந்த மூத்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள் என்றார்; அவர்களுக்கு விதையைத் தின்னாமல் இருந்தது கஷ்டமாகத் தெரியவில்லையாம், நடப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். வவிலோவுக்கு என்ன நேர்ந்தது என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. 1940இல் சொந்த அரசே அவரைக் கைது செய்ததையும், 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் போதிய உணவில்லாமல் அவர் மாண்டதையும் நான் படித்தது ரொம்பப் பின்னால்.

எனக்கு அங்கே இளையான்குடி மாற நாயனார் நினைவு வந்தது. மழை இரவில் வந்த அடியாருக்கு அமுது படைக்க, அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரி வந்தவர். இன்னொருவர் பசிக்காக விதையைக் கொடுத்தார் அவர். இந்த நிறுவனத்து ஊழியர்களோ, இனிமேல் பிறக்கப்போகிறவர்களின் பசிக்காக விதையைக் கொடுக்க மறுத்தார்கள். எது பெரிது என்று என்னால் தராசு பிடிக்க முடியவில்லை. இரண்டையும் கும்பிடலாம்.

ஹனோய் நண்பன் சொன்ன இடம் பீஸ்கர்யோவ்ஸ்கொயே கல்லறைத் தோட்டம். முற்றுகையில் மாண்ட ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. நீள நீளமான புல் மேடுகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கல், அதில் ஆண்டு மட்டும். 1942, 1942, 1942 என்று போய்க்கொண்டே இருக்கும். பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தியல், படைவீரர்கள் என்றால் நட்சத்திரம். மேடுகளின் மேல் யாரோ ரொட்டித் துண்டும் மிட்டாயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி எங்களிடம் வந்து ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தன் அம்மாவையும் தங்கையையும் நினைத்துச் சாப்பிடச் சொன்னார். எந்த மேட்டில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒரு மேட்டுக்கு வருகிறாராம். அதிகம் பேசாத ஹனோய் நண்பன் அப்போது வாயைத் திறந்தான். 1972 டிசம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட இரவுகளைப் பற்றிச் சொன்னான். இத்தனை நாள் ஒரே விடுதியில் இருந்தும் அதை எங்களிடம் அவன் சொன்னதே இல்லை. பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, “உன் அம்மா இருக்கிறாளா?” என்றார். இருக்கிறாள் என்றான். “கடைசியாக எப்போது கடிதம் போட்டாய்?” மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். பதில் வரவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, இன்று ராத்திரியே எழுத வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் எங்களை ஏற்றிவிட்டார்.

ரயிலில் மூன்று பேரும் எழுதினோம். ஐ.ஆர்.8 என்ற புது நெல் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் பழைய நெல் வகைகளைப் போடுகிறவர்கள் குறைந்துபோயிருந்த காலம். குடவாழை நெல் நம் வீட்டில் இன்னும் இருக்கிறதா, இருந்தால் விற்றுவிட வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதினேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிப் பதில் வந்தது. தான் எப்போதோ விட்டுவிட்டதாகவும், ஆனால் அம்மா யாருக்கும் சொல்லாமல் வருஷா வருஷம் கொல்லைப்புறத் துண்டு நிலத்தில் விதைத்து, மூன்று மரக்கால் எடுத்துப் பானையில் கட்டி வைத்திருப்பதாகவும் அப்பா எழுதியிருந்தார்.