ஒரு வரி விட்டுட்டியே!

முதலில் ஒரு குற்ற ஒப்புதல்.

ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைக் கட்டாயம் படியுங்கள் என்று இதே பக்கத்தில் உங்களுக்கு இரண்டு முறை சிபாரிசு செய்திருக்கிறேன். என் பேச்சை நம்பி யாராவது வாங்கியும் இருப்பீர்கள். விஷயம் என்னவென்றால், அப்போது நான் அதில் படித்திருந்தது சரியாக அறுபத்திரண்டு பக்கம். மிச்சத்தை முன்னுரையும் நண்பர்களின் பேச்சும் பார்த்துக்கொண்டன.

பத்திரிகைக்காரனுக்கு இது ஒரு தொழில் வியாதி. முதலில் பத்துப் பக்கம், நடுவில் நாலு பக்கம், கடைசி அத்தியாயம். கட்டுரை ரெடி! நான் பி.காம். படித்தவன். சரக்கே வராமல் வரவு எழுதினால் எங்கள் பாடத்தில் அதற்கு வேறு பெயர்.

2023 அக்டோபரில் பிடிபட்டேன். பிடித்தவர் அப்பா.

அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுத ஆரம்பித்து, கணக்கெழுதியே ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. அக்டோபரில் ஒரு கண் ஆபரேஷன், நவம்பரில் இன்னொன்று. புதுக் கண்ணாடி பொங்கலுக்குப் பிறகுதான். “அதுவரைக்கும் டி.வி. போடவா?” என்றேன். “அதுல எல்லாரும் கத்தறாங்க. நீ ஏதாவது படிச்சுக் காட்டு” என்றார்.

கைக்கு அகப்பட்டது சிங்காரத்தின் தோணிதான். இரண்டாம் உலகப் போர்க் காலம், சுமத்ராவின் மெடான் நகரம், அங்கே வட்டிக்கடைகளில் வேலை பார்த்த நம் ஊர்ப் பையன்கள். இரண்டாம் நாளே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நைஸாக ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்தேன். ஈஸிசேரில் கண்ணை மூடிக் கிடந்தவர், “ஒரு வரி விட்டுட்டியே” என்றார்.

“எப்படிப்பா தெரியும்?”

“முன்னாடி சொன்னதுக்கும் இதுக்கும் டேலி ஆகலையே.”

அத்தோடு என் குதியாட்டம் முடிந்தது. ‘அடுத்தாள்’ என்றால் யார், ‘பெட்டியடிப் பையன்’ என்ன வேலை செய்வான் என்பதையெல்லாம் அப்பாதான் எனக்கு விளக்கினார். அந்தப் பக்கத்தில் தெரிந்த முகங்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார். நான் இரண்டு முறை புகழ்ந்து எழுதிய புத்தகத்தை முதல் முறையாகப் படித்து முடித்தது அப்படித்தான்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். சென்னையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் கிடையாது. எமர்ஜென்ஸி லைட்டில் நான் எடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. மெட்ராஸில் சொட்டுத் தண்ணீருக்கு ஜமுனா குடம் தூக்கி அலைகிற கதை. “நல்ல நேரம் பார்த்து எடுத்தே போ!” என்று அப்பா சிரித்தார். சிரிப்பு சாயங்காலம் வரைதான். கீழே சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. ஊர் பூரா வெள்ளம், குடிக்க ஒரு டம்ளர் இல்லை. ஒரு கேனுக்காக நாலு தெரு நடந்து, அதைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கல்லூரி நாட்களில் ஒரே ராத்திரியில் முடித்த நாவல் அது. கதை ஞாபகம் இருந்தது. குடத்தின் கனம்தான் ஞாபகம் இல்லை.

மார்கழியில் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ ஆரம்பித்தோம். பையனுக்குத் தமிழ் ஆசை. அவனை நல்ல ஆசிரியரிடம் சேர்ப்பதற்காக அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு அலைகிறார் அப்பா வேங்கடசுப்பையர். அந்த இடத்தில் “நிறுத்து” என்றார் என் அப்பா.

“பிளஸ் டூ முடிச்சப்போ நீ தமிழ் படிக்கணும்னு சொன்னே, இல்ல?”

“சொன்னேன்.”

“அந்த மனுஷன் மூட்டை முடிச்சோட அலைஞ்சிருக்கார். நான் பஸ் ஏறி வந்து உனக்கு பி.காம். ஃபாரம் வாங்கினேன்.”

இருபத்தைந்து வருஷமாக நாங்கள் பேசாத விஷயம் அது. என்னிடம் தயாராகப் பதில் இல்லை. “தமிழ் படிச்சிருந்தாலும் நான் வரி விட்டுத்தான்பா படிச்சிருப்பேன்” என்றேன். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொட்டு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1880-ல், கும்பகோணத்தில், முன்சீப் ராமசாமி முதலியார் உ.வே.சா.வைச் சந்திக்கிற இடம் வந்தது. காலேஜ் தமிழாசிரியர் தான் படித்த நூல்களை அடுக்குகிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம். முதலியார் அசரவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அவ்வளவு படித்தவரும் அன்றைக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உழைத்து, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ‘படித்ததில்லை’ என்று மனிதர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள், இந்தக் கட்டுரையை எழுதுகிற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

பொங்கல் போயிற்று. கண்ணாடி வந்தது. புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி, அட்டையைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். “கண்ணாடி கிடக்கட்டும். நீ படி.”

மார்ச்சில் கடைசிப் பக்கம் வந்தது. 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய அந்தத் தொடர், 1942-ல் உ.வே.சா. மறைந்ததால் பாதியில் நின்றுபோனது.

“அப்புறம்?” என்றார் அப்பா.

“அவ்வளவுதான்பா. எழுதி முடிக்கலை.”

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, அடுத்த புஸ்தகம் எடு” என்றார்.

நீங்கள் யாராவது தோணியை வாங்கி அலமாரியில் வைத்திருந்தால், தயவுசெய்து எடுங்கள். அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு இன்னும் பிரமாதமாக இருக்கிறது. இந்த முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.