இறக்கத்துக்கு ஓர் ஆயத்தம்

மலைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மனத்தில் எழுவது ஏற்றம்தான். டார்ஜிலிங்கில் உள்ள இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் 28 நாள் ஆரம்பப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறதென்று அறிந்த உற்றாரும் நண்பரும், அவ்வளவு உயரம் ஏறிவிட முடியுமா என்று கவலையோடு விசாரித்தார்களேயன்றி, ஏறிய உயரத்தையெல்லாம் முதுகுச் சுமையோடு இறங்கி வர முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்து பழகிய ஒரு சாதாரண சரீரத்தை அந்தப் பயிற்சிக்கு ஆயத்தம் செய்த மாதங்களையும், பின்பு சிக்கிம் மலைப்பாதையில் அந்த ஆயத்தம் பரீட்சிக்கப்பட்ட நாட்களையும் பற்றி எழுத முற்படும்போது, அந்தக் கேட்கப்படாத கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுகிறது.

1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த பிறகு, அந்தச் சாதனை ஒரு தனி மனிதனுடைய புகழோடு நின்றுவிடாமல் தேசத்து இளைஞர்கள் பலருக்கும் வழி திறக்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு, பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதல்வர் பிதான் சந்திர ராயும் முயன்று, 1954 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிவைத்த ஸ்தாபனம் அந்தப் பயிற்சி நிலையம். மேஜர் நரேந்திர தர் ஜயால் அதன் முதல் தலைவராகவும், டென்சிங் களப்பயிற்சியின் முதல் இயக்குநராகவும் பொறுப்பேற்றார்கள். டென்சிங்கின் சுயசரிதையில் என் சிரத்தையை மிகவும் கவர்ந்த பகுதி சிகரத்தைப் பற்றியதன்று. 1952-ஆம் ஆண்டின் இரு சுவிஸ் பயணங்களுக்குப் பிறகு நோயுற்று மெலிந்திருந்த அவர், மறு ஆண்டுப் பயணத்துக்கு அழைப்பு வந்ததும், விடியற்காலையில் எழுந்து, முதுகுப் பையில் கற்களை நிரப்பிக்கொண்டு, டார்ஜிலிங்கைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறியும் இறங்கியும் தம்மைப் பக்குவப்படுத்திக்கொண்டார் என்பதே அந்தப் பகுதி. சிறு பிராயம் முதல் மலையிலேயே வாழ்ந்து, சுமை தூக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த அம்மனிதருக்கே கல் நிரப்பிய பை அவசியமாயிற்று என்றால், சமவெளியில் பிறந்தவர் செய்ய வேண்டியதைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை என்று உணர்ந்தேன்.

எங்களூருக்கு மேற்கே, முருகன் குடிகொண்ட மருதமலை இருக்கிறது. வாகனங்களுக்குத் தனிச் சாலை உண்டெனினும், அடிவாரத்திலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள் கோயிலுக்கு இட்டுச் செல்கின்றன. கோயிற்படி ஆகையால் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, பொழுது புலருமுன் முதுகில் பையோடு அந்தப் படிகளில் ஏறி இறங்குவதை என் நித்திய அப்பியாசமாக வைத்துக்கொண்டேன். கல்லுக்குப் பதிலாக ஆற்று மணலைத் தடித்த துணியில் சிறு சிறு முடிச்சுகளாகத் தைத்து வைத்திருந்தேன். வாரம் ஒன்றிரண்டு முடிச்சாகக் கூட்டிக்கொண்டு போக அது வசதியாயிருந்தது. மணலை அப்படியே பையின் அடியில் போட்டால் அது இடுப்புக்குக் கீழே தொங்கித் தோள்களைப் பின்னுக்கு இழுக்கிறது. அடியில் பழைய போர்வை ஒன்றைச் சுருட்டி வைத்து, அதன் மேல் மணல் முடிச்சுகளை முதுகெலும்பை ஒட்டினாற்போல் தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்கும்படி அடுக்கி, இடுப்பு வாரை இறுக்கிக் கட்டிவிட்டால், அதே சுமை பாதியாகக் குறைந்துவிட்டதோ என்று எண்ணும்படி உடலோடு ஒன்றிவிடுகிறது. சுமையின் பாரம் தோளில் அன்றி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும் என்ற இந்தச் சிறு நுணுக்கம் தெரியாமையால், நல்ல பலசாலிகளும் முதல் நாளிலேயே தோள் கன்றிப்போய் அவதிப்படுவதைப் பின்னாளில் சிக்கிம் மலைப்பாதையில் பலமுறை கண்டேன்.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஏற முடிகிற வேகம் எதுவோ அதுவே அன்றைய வேகம் என்று வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பல மணி நேரம் நடந்தால், இருதயமும் மூச்சும் தாமாகவே பலமடைகின்றன. விரைவாக ஓடி வியர்த்து விழுவதில் உள்ள திருப்தி இதில் இல்லாமையால் இளைஞர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். அது பெரும் நஷ்டம்.

ஆனால் இறக்கத்தின் சங்கதி வேறு. ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை, உடல் பாரமும் சுமையின் பாரமும் ஒருங்கே தன்மேல் விழ, அவற்றைத் தாங்கித் தடுத்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இழுபட்டுக்கொண்டே தாங்குகிற இந்த வேலையில் தசை நார்கள் நுண்ணிய அளவில் அறுபடுகின்றன. மூச்சு வாங்காது, வியர்வையும் அவ்வளவு இராது. ஆகையால் கஷ்டம் ஒன்றும் இல்லையென்று மனம் ஏமாந்துபோகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளுமே வலி முழு வேகத்தோடு வெளிப்பட்டு, உட்காரவும் எழவும் ஒட்டாமல் செய்கிறது. இயற்கை இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருக்கிறது. ஒருமுறை இவ்வாறு துன்புற்று ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கிவிடுகிறது; அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிலைத்தும் நிற்கிறது. ஓட்டத்தாலும் மிதிவண்டியாலும் இந்தப் பயனைப் பெற முடியாது. இறங்கிப் பழகினாலன்றி இறக்கம் வசமாவதில்லை. மலைப்பயிற்சி செய்வோர் சிலர் தண்ணீரைச் சுமந்து ஏறி, முழங்காலுக்கு ஹிதம் என்று கருதி உச்சியில் அதைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவதுண்டு. மூட்டு நோய் உள்ளவர்களுக்கு அது சரியான யோசனைதான். ஆரோக்கியமான மூட்டுகள் படைத்த நான், சுமையைச் சிறிதாகவே வைத்துக்கொண்டாலும் அதை இறக்கத்திலும் விடாது சுமந்தேன்.

இந்த வித்தையில் எனக்கு ஆசிரியராக வாய்த்தவர் வெள்ளியங்கிரி மலையில் கிடைத்தார். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கும் அந்த யாத்திரை, மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் பக்தர்கள் பெருந்திரளாக மேற்கொள்வது; முதல் மலையின் செங்குத்தான படிகளும், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று இடையிடையே வருகின்ற நீர்நிலைகளும், மேலே போகப் போக மரம் குறைந்து புல் மிகுந்து காற்று ஓங்குவதும் அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் ஏறித் தரிசனம் முடித்து, காலை வெயிலில் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறுங்காலோடு, கையில் மூங்கில் தடியோடு, அவசரமும் தளர்ச்சியுமின்றி என்னைக் கடந்து கீழே போனார். சற்றுத் தூரம் போனவர் நின்று, நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "சாமி, காலை நேரா வெக்காதீங்க. கொஞ்சம் கோணலா வெய்ங்க. தடி முன்னால போவோணும், கால் அதுக்குப் பொறகுதான்" என்றார். "எத்தனை வருஷமா வர்றீங்க, பெரியவரே?" என்று கேட்டேன். "அதையெல்லாம் ஆரு சாமி எண்ணுனா?" என்று சொல்லிவிட்டு, எனக்காகவே மெதுவாக முன்னே நடந்தார்.

நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, அதில் பாரத்தில் ஒரு பகுதியை முதலில் இறக்கிவிட்டு, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முன்பாதம் முதலில் பதிந்து பிறகு குதிகால் படியும்படி வைத்து, முழங்காலை ஒருபோதும் விறைத்து நீட்டாமல் எப்போதும் சற்று மடங்கியே இருக்கும்படி காத்துக்கொண்டு, வழியில் சத்தமே எழாதவண்ணம் அவர் இறங்கினார். 'தொம்' என்று கால் விழுகிற ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது மூட்டுதான் என்பதையும், ஓசையில்லாத அடியே சேதமில்லாத அடி என்பதையும் அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன். அதன் பிறகு மருதமலைப் படிகளில் என் காலோசையைக் காதால் கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஓசை எழத் தொடங்கினால் தசை களைத்துவிட்டது என்று அறிந்து, அன்றைய அப்பியாசத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பாதங்களையும் பேண வேண்டும். கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டாவிட்டால், நீண்ட இறக்கத்தில் அவை பூட்ஸின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். குதிகாலில் சூடு தட்டுவதாக உணர்ந்த அந்த க்ஷணமே நின்று பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளாவிட்டால் கொப்புளம் எழுந்துவிடும். ஆகாரத்தைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வழக்கமான உணவையே வேளை தவறாமல் உண்டேன்.

ரயிலில் நியூ ஜல்பைகுரி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பங்கு ஜீப்பில் குர்சியாங், கூம் வழியாக டார்ஜிலிங்கை அடைந்தேன். பயிற்சி நிலையம் ஜவஹர் பர்வதம் என்னும் குன்றில், பத்மஜா நாயுடு மிருகக்காட்சிச் சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. 1986-இல் காலமான டென்சிங்கின் தகனம் நிகழ்ந்த இடம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. மேகம் விலகிய காலைகளில் கஞ்சன்ஜங்கா அங்கிருந்து கண்முன் நிற்கிறது. வைகறை ஓட்டம், தேகப்பயிற்சி, கயிற்று முடிச்சு, டென்சிங்கின் பெயர் தாங்கிய பாறையில் ஏறிப் பழகுதல், சுமையோடு சுமார் 2,590 மீட்டர் உயரமுள்ள டைகர் ஹில்லுக்கு நடந்து மீளுதல் என்று ஆரம்ப நாட்கள் சென்றன. என் குழுவில் ராஜஸ்தானத்து இளைஞர் ஒருவர் இருந்தார். ஓட்டத்தில் அவரை எவரும் நெருங்க முடியவில்லை. நானோ நடுவில் எங்கோ வந்துகொண்டிருந்தேன்.

பின்பு ஜோர்தாங் வழியாகச் சிக்கிமுக்குள் நுழைந்து, சோக்யால் எனப்படும் சிக்கிம் அரசர்களில் முதல்வர் 1642-இல் முடிசூடிய தலம் என்று போற்றப்படும் யுக்சத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். சுமார் 1,780 மீட்டரில் புறப்படும் பாதை, பிரேக் நதியின் மேலாக அடர்ந்த வனத்தினூடே பாக்கிம், திபெத்திய அகதிகள் குடியேறிய சோகா ஆகியவற்றைக் கடந்து, ரோடோடென்ட்ரான் காட்டினூடே மேலேறி, 4,000 மீட்டர் உயரத்தில் ஜோங்ரியின் புல்வெளிக்கு வருகிறது. அதற்கும் அப்பால் ராத்தோங் பனியாற்றின் அருகே, ஏறக்குறைய 4,400 மீட்டரில் சௌரிகாங்கில் நிலையத்தின் தளமுகாம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. இதற்குச் சமவெளியில் ஆயத்தம் என்பதே கிடையாது. உறுதியான கால்கள் உயரத்தின் நோயிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. வேகமாக ஏறச் செய்து ஆபத்தில் தள்ளக்கூடியவையும் அவையே. நிலையத்தின் முதல் தலைவரும் தம் காலத்து மலைவீரர்களில் சிறந்தவருமான ஜயால், 1958-இல் சோ ஓயு பயணத்தின்போது உயரத்திலேயே நோயுற்று உயிர் துறந்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று நேபாளியில் நிதானத்தை வற்புறுத்திக்கொண்டே எங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார்கள். தலைவலி என்று ஒருவர் சொன்னாலும் நின்று விசாரித்தார்கள்.

பனியில் கோடரி ஊன்றவும், வழுக்கி விழுகையில் தன்னைத் தானே தடுத்து நிறுத்திக்கொள்ளவும், கயிற்றில் பிணைந்து நடக்கவும் கற்ற பின்னர், மீண்டு இறங்கும் நாள் வந்தது. ஜோங்ரியிலிருந்து சோகாவரை ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். பாதையில் பல இடங்களில் மரக்கட்டைகளைக் குறுக்கே பரப்பியிருக்கிறார்கள், மழையில் அவை பாசி படிந்து வழுக்குகின்றன. நான் பாதத்தைக் கோணலாக வைத்து, காதை என் அடியோசையில் வைத்து, முழங்காலை மடித்தபடியே இறங்கினேன். அன்று மாலையும் மறுநாள் காலையும் என் தொடைகளில் களைப்பு இருந்தது, வலி இல்லை. ராஜஸ்தானத்து நண்பரோ மறுநாள் கூடாரத்திலிருந்து எழுந்திருக்கவே கையூன்ற வேண்டியிருந்தது. யுக்சத்துக்கு இன்னும் அத்தனை இறக்கம் மீதியிருக்க, அவருடைய பையில் கனமானவற்றை நாங்கள் சிலர் பங்கிட்டுக்கொண்டோம்.

வழி நெடுக அவர் என்னிடம் அந்த அப்பியாசத்தைப் பற்றியே விசாரித்துக்கொண்டு வந்தார். அடுத்து மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவருக்கு ஆசை. ஆனால் அவருடைய ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் வயலுமேயன்றி ஒரு குன்றும் இல்லையாம். ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடம் ஏதேனும் உண்டா என்று கேட்டேன். தம் சிற்றப்பா வேலை செய்யும் அலுவலகம் அப்படிப்பட்டதுதான் என்றார். அப்படியானால் சுமையோடு லிப்டில் ஏறிப் போனாலும் பாதகமில்லை, ஓட்டத்தால் அவருக்கு மூச்சு ஏற்கெனவே பழகியிருக்கிறது, இறங்குவது மட்டும் ஒவ்வொரு முறையும் படி வழியாகவே இருக்கட்டும், முதல் வாரம் பை வெறுமையாகவே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் அதைத் தம் சிறு குறிப்புப் புத்தகத்தில் ஹிந்தியில் எழுதிக்கொண்டார்.